ஆடிஷனுக்குக் கிளம்பும் முன்... ஜெமினி கணேசன் ஊரிலிருந்து சில பாடங்கள்!

இரவு ஒன்பது மணி. ஊர் அறந்தாங்கியாக இருக்கலாம், ஆலங்குடியாக இருக்கலாம், பொன்னமராவதியாகவும் இருக்கலாம். சாப்பிட்டு முடித்த கையோடு, மகள் தன் செல்போனை அம்மாவிடம் நீட்டுகிறாள். 'புதிய விளம்பரப் படத்துக்கு முகங்கள் தேவை. முன் அனுபவம் அவசியமில்லை. போட்டோ அனுப்புங்கள்' என்று ஓர் இன்ஸ்டாகிராம் பதிவு. அம்மாவுக்குப் பயம். அப்பாவுக்குக் கோபம். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் பாட்டிக்கு மட்டும் சிரிப்பு. 'ஜெமினி கணேசனே நம்மூர்க்காரர்தானே... போட்டோ அனுப்பினா என்ன?'

புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்படி ஒரு பேச்சு நடக்காத தெரு குறைவு. முன்பெல்லாம் வாய்ப்பு தேட வேண்டும் என்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். இன்று 'காஸ்டிங் கால்' வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஜவுளிக்கடை விளம்பரம், நகைக்கடை ரீல்ஸ், மணப்பெண் மேக்கப் போட்டோஷூட், குறும்படம், சீரியல் என்று அழைப்புகள் பலவிதம். அவற்றில் உண்மையானவையும் உண்டு, பணம் பறிப்பவையும் உண்டு.

பாட்டி சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஆடிஷன் என்றால் என்ன என்பதை மேஜையின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர் அந்தப் புதுக்கோட்டைக்காரர்.

தேர்வு செய்யும் நாற்காலியில் இருந்தவர்

ஜெமினி கணேசன் 1920 நவம்பர் 17-ம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தாத்தா நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். அத்தை, இந்தியாவின் முன்னோடிப் பெண் மருத்துவர்களில் ஒருவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. படிப்பு மணக்கும் குடும்பம். கணேசனும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, அங்கேயே வேதியியல் துறையில் பாடம் நடத்தினார்.

1947-ல் அவர் எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். நடிகராக அல்ல, நடிகர் தேர்வுப் பிரிவில் அலுவலராக! வாய்ப்பு கேட்டு வருகிறவர்களிடம் பேசுவது, புகைப்படம் எடுக்க வைப்பது, விவரங்களைக் குறித்துவைப்பது என்று இன்றைக்கு 'காஸ்டிங் டைரக்டர்' செய்யும் வேலையை ஒத்த வேலை அது.

அதே ஆண்டு வெளிவந்த 'மிஸ் மாலினி' படத்தில் அவருக்கு ஒரு சிறிய வேடம் கிடைத்தது. அதன் பிறகு உடனே நட்சத்திரம் ஆகிவிடவில்லை. 1952-ல் 'தாய் உள்ளம்' படத்தில் வில்லன். 1953-ல் 'மனம்போல மாங்கல்யம்' படத்தில்தான் இரட்டை வேடக் கதாநாயகன். முதல் சிறு வேடத்துக்கும் கதாநாயகன் வேடத்துக்கும் நடுவே ஆறு ஆண்டுகள்! சினிமாவுக்குள்ளேயே வேலை பார்த்த, நன்கு படித்த, பார்க்க லட்சணமான மனிதருக்கே ஆறு ஆண்டுகள் ஆனது என்பதை, 'ஒரே ஆடிஷன்... அடுத்த மாதமே ஹீரோயின்' என்று ஆசை காட்டும் பதிவுகளைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அவர் அந்த அலுவலகத்தில் இருந்தபோது வாய்ப்பு தேடி வந்த இளம் பெண்களில் ஒருவர் சாவித்திரி என்றும், 'வாய்ப்பு கொடுத்தால் நன்றாக வருவார்' என்ற பொருளில் கணேசன் குறிப்பு எழுதிவைத்தார் என்றும் திரையுலகில் பரவலாகச் சொல்வார்கள். 'மனம்போல மாங்கல்யம்' படத்தில் அவருக்கு ஜோடியாக நடித்தவரும் அதே சாவித்திரிதான்.

பதற்றம் சாவித்திரிக்கும் இருந்தது

'கேமரா முன்னாடி நின்னா கை கால் உதறுது. எனக்கெல்லாம் இது சரிப்படாது' என்று நினைப்பவர்கள் சாவித்திரியின் தொடக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1950-ல் வந்த 'சம்சாரம்' என்ற தெலுங்குப் படத்துக்கு முதலில் அவரைத்தான் நாயகியாகத் தேர்வு செய்திருந்தார்கள். உற்சாகமும் பதற்றமும் கூடிப்போய் டேக் மேல் டேக் போக, அந்த வேடம் வேறொருவருக்குப் போனது. சாவித்திரிக்குச் சின்ன வேடம்தான் மிஞ்சியது. மூன்றே ஆண்டுகளில் 'தேவதாஸ்' பார்வதியாக அவரை ஊரே கொண்டாடியது.

முதல் ஆடிஷனில் சொதப்புவது திறமை இல்லை என்பதற்கான சான்று அல்ல. அந்த இடம் பழக்கமில்லை என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். பழக்கத்தை வீட்டிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம்.

காத்திருந்த காலத்தில் சின்னப்பா என்ன செய்தார்?

புதுக்கோட்டைக்கு இன்னொரு நட்சத்திரமும் உண்டு. பி.யு.சின்னப்பா. அந்தப் பெயரின் 'பி' என்ற எழுத்தே புதுக்கோட்டைதான். 1916-ல் பிறந்த அவர், சிறு வயதிலேயே பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பாடி நடித்துப் பேர் வாங்கியவர். பிறகு, பதின்ம வயதில் குரல் உடைந்தது. பாட்டே முதலீடாக இருந்த காலத்தில் அது பெரிய அடி. நாடக கம்பெனியை விட்டு வெளியேறினார்.

அந்த இடைவெளியில் முறைப்படி கர்னாடக இசை கற்றார். சிலம்பம் பழகினார். எடை தூக்கினார். 1936-ல் 'சந்திரகாந்தா' மூலம் சினிமாவுக்கு வந்தார். 1940-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம். 1942-ல் 'கண்ணகி', 1944-ல் 'ஜகதலப்பிரதாபன்' என்று அவர் தொட்டதெல்லாம் துலங்கியது. வாய்ப்பு இல்லாத நாட்களில் கற்ற பாட்டும் உடற்பயிற்சியும்தான் வாய்ப்பு வந்தபோது கைகொடுத்தன.

மாடலிங் ஆசை உள்ள பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பரதமோ சிலம்பமோ, தெளிவான தமிழ் உச்சரிப்போ, இரண்டாவது ஒரு மொழியோ, நீச்சலோ, டூவீலர் ஓட்டுவதோ, எதைக் கற்றாலும் விண்ணப்பப் படிவத்தில் அது ஒரு வரியாகும். தேர்வாகாவிட்டாலும் கற்றது வீணாகாது.

போட்டோ: நாலு போதும்

இனி நடைமுறைக்கு வரலாம். முதல் கட்டத்தில் பெரும்பாலான அழைப்புகள் கேட்பது எளிய புகைப்படங்களைத்தான். இதற்காகக் கடன் வாங்கி ஆல்பம் போட வேண்டியதில்லை.

வெள்ளை அல்லது வெளிர் நிறச் சுவர், காலை வெளிச்சம் வரும் ஜன்னல், ஒரு செல்போன், பொறுமையான ஒரு தம்பியோ அக்காவோ போதும். முகம் மட்டும் தெரியும் க்ளோசப் ஒன்று. இடுப்புவரை ஒன்று. முழு உருவம் ஒன்று. பக்கவாட்டில் ஒன்று. சிரித்த முகத்துடன் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஃபில்டர் வேண்டாம். அதிக மேக்கப் வேண்டாம். கூலிங் கிளாஸ் வேண்டாம். பார்ப்பவர்களுக்குத் தேவை உங்கள் நிஜ முகம். படத்தில் ஒருவர், நேரில் இன்னொருவர் என்று இருந்தால் முதல் நிமிடத்திலேயே நம்பிக்கை போய்விடும். ஒரே நிறத்தில் இருக்கும், அளவான உடை நல்லது. பொடிக் கோடுகளும் பெரிய எழுத்துகளும் உள்ள சட்டை கேமராவில் கண்ணை உறுத்தும். முடி வெட்டியிருந்தாலோ தாடி வளர்த்திருந்தாலோ புதிதாகப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

கூடவே உயரம், வயது, தெரிந்த மொழிகள், தெரிந்த கலைகள் ஆகியவற்றை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டி எழுதினால், அளவு எடுத்துத் தைத்த உடை உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்!

ஒரு நிமிட வீடியோ

அடுத்து அறிமுக வீடியோ. போனை ஆடாமல் வைத்து, கண் உயரத்தில் கேமரா இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கை வாக்கில் எடுக்க வேண்டுமா, நேர் வாக்கிலா என்பதை அழைப்பில் கொடுத்திருந்தால் அதன்படியே செய்யுங்கள். பெயர், வயது, ஊர், உயரம், தெரிந்த மொழிகள் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை முகத்தைத் திருப்பிக் காட்டினால் போதும். மின்விசிறிச் சத்தமும் டி.வி. சத்தமும் இல்லாத அறையாக இருக்கட்டும்.

'ஊர்ப் பேச்சு வந்துடுமோ' என்ற கூச்சம் பலருக்கு இருக்கும். வரட்டுமே! மண் மணக்கும் பேச்சு தேவைப்படும் கதைகளும் விளம்பரங்களும் நிறைய வருகின்றன. வட்டாரப் பேச்சு, பொதுத் தமிழ் இரண்டிலும் பேசத் தெரிந்தவருக்கு இரண்டு கதவுகள். தினமும் பத்து நிமிடம் நாளிதழைச் சத்தமாக வாசிப்பது செலவில்லாத பயிற்சி.

நிற்பதற்கும் நடப்பதற்கும் பயிற்சி வேண்டும். புதுக்கோட்டைக்கு அருகே உள்ள சித்தன்னவாசலுக்குப் போனால், குகைக்கோயில் தூண்களில் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய நடன மங்கையர் ஓவியங்களைப் பார்க்கலாம். நிறம் மங்கிய பிறகும் அந்த உடல் வளைவும், நீண்ட கையும், முகத்தின் அமைதியும் கண்ணை நிறுத்துகின்றன. கேமரா முன் நிற்பவருக்கும் அதுதான் தேவை: தளர்வான தோள், நேரான முதுகு, கையை எங்கே வைப்பது என்று தவிக்காத நிதானம். கண்ணாடி முன் தினமும் கொஞ்ச நேரம் நின்றும் நடந்தும் பார்த்தால் அது மெல்ல மெல்ல வரும்.

நிறம் ஒரு தடையா?

வெயிலில் வளர்ந்த பிள்ளைகளின் மனதில் சத்தமில்லாமல் இருக்கும் கேள்வி இது. 'வெள்ளையா இருந்தாத்தான் எடுப்பாங்க' என்ற பேச்சைக் கேட்டு, ஆடிஷனுக்குப் பத்து நாள் முன்பு மெடிக்கல் கடையில் ஏதோ ஒரு க்ரீம் வாங்கிப் பூசுபவர்கள் உண்டு. ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களை மருத்துவர் ஆலோசனை இல்லாமல் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், முகம் சிவக்கும், பரு கிளம்பும், முடி வளரும். ஆடிஷன் போகும், முகத்தின் பிரச்னை நிற்கும்.

காலமும் மாறிவருகிறது. கருமை நிறத்தைக் குறைவாகக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 2020-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால், நிறத்தை மாற்றப் பணத்தையும் தோலையும் செலவழிப்பதைவிட, நல்ல தூக்கத்துக்கும் தண்ணீருக்கும் நேரம் ஒதுக்குவது லாபம். பட்டினி கிடந்து எடை குறைப்பதும் இதே கணக்குதான்.

பணம் கேட்டால் நில்லுங்கள்!

வீட்டில் அப்பாவின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஏமாற்றுபவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் வருவார்கள்.

முதலில், 'உங்க போட்டோ செலக்ட் ஆயிடுச்சு' என்ற வாழ்த்து. நேரில் பார்க்காமலேயே தேர்வு! அடுத்து, 'பதிவுக் கட்டணம்', 'ஆர்ட்டிஸ்ட் கார்டு', 'காஸ்ட்யூம் டெபாசிட்' என்று ஏதாவது ஒரு பெயரில் சின்னத் தொகை. கட்டினால் அடுத்த தொகை. சிலர், 'எங்க ஸ்டுடியோவுலதான் போர்ட்ஃபோலியோ எடுக்கணும்' என்று பல ஆயிரங்கள் கேட்பார்கள். இன்னும் சிலர் உள்ளாடையோடு படம் அனுப்பச் சொல்வார்கள், நள்ளிரவில் வீடியோ காலுக்கு அழைப்பார்கள், ஹோட்டல் அறைக்குத் தனியாக வரச் சொல்வார்கள்.

அடிப்படை ஒன்றுதான். மாடலிங் ஒரு வேலை. வேலை கொடுப்பவர் பணம் தருவார், கேட்க மாட்டார். அழைப்பு வந்தால், எந்த பிராண்டுக்கு, எந்த நிறுவனம் தயாரிக்கிறது, எங்கே, எத்தனை மணிக்கு, யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். அந்த நிறுவனத்தின் அலுவலக எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள். மெசேஜில் வந்த எண்ணையே கூப்பிட்டால், ஏமாற்றுபவரே 'ஆமாம்' என்று சொல்லிவிடுவார். ஓ.டி.பி., ஆதார் நகல், வங்கி விவரம் ஆகியவை ஆடிஷனுக்குத் தேவையே இல்லை.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் கைமாறுவதைத் தடுக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். படத்தை வைத்து மிரட்டினாலும் சைபர் க்ரைம் போலீஸில் புகார் செய்யலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் ஆபாசப் படம் கேட்பதே போக்சோ சட்டப்படி குற்றம்.

'அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் அதற்கு ஒரே பதில், அங்கிருந்து கிளம்புவது. மலையாளத் திரையுலகம் பற்றிய நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்' என்ற இரு சொற்களும் அங்கே எவ்வளவு பழகிப்போயிருந்தன என்பது ஊருக்கே தெரிந்தது. அதற்கு அடுத்த மாதமே தென்னிந்திய நடிகர் சங்கம், பாலியல் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் தடை விதிக்கப் பரிந்துரைப்பதாகத் தீர்மானம் போட்டது. பேசியவர்கள் இருந்ததால்தான் இதுவும் நடந்தது.

குட்டீஸ் நடிக்கிறார்களா?

குழந்தைகளுக்கான ஜவுளி விளம்பரம் என்றால் பெற்றோருக்கே ஆசை வந்துவிடும். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தெளிவான விதிகள் இருக்கின்றன. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. பள்ளிப் படிப்பு தடைபடக் கூடாது. குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவிகிதம், தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். முக்கியமாக, குழந்தைக்கு விருப்பம் இல்லாவிட்டால் கட்டாயப்படுத்தக் கூடாது.

இந்த விதிகளைப் பற்றிக் கேட்டால் தயாரிப்புத் தரப்பு எரிச்சல் அடைகிறதா? அது போதும், முடிவெடுக்க.

அந்த நாள்

ஆடிஷன் சென்னையில் என்றால், இரவுப் பயணம் முடித்துத் தூக்கக் கண்ணோடு நேராகப் போய் நிற்பது நல்லதல்ல. முடிந்தால் முதல் நாளே உறவினர் வீட்டுக்குப் போய்விடலாம். வீட்டிலிருந்து ஒருவர் கூட வரட்டும். கூட வருபவரை வாசலில் உட்காரக்கூட அனுமதிக்காத இடம், போகத் தகுந்த இடமல்ல.

போட்டோ பிரதிகள், மாற்று உடை ஒன்று, சீப்பு, தண்ணீர், கொஞ்சம் பிஸ்கட், போன் சார்ஜர் கைவசம் இருக்கட்டும். காத்திருப்பு இரண்டு மணி நேரமும் ஆகலாம், ஆறு மணி நேரமும் ஆகலாம். உங்கள் முறை வரும்போது பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். சொன்னதைக் காதில் வாங்கி, அதை மட்டும் செய்யுங்கள். 'இன்னொரு முறை, கொஞ்சம் வேற மாதிரி' என்று கேட்டால் முதல் முறை தப்பு என்று அர்த்தமல்ல. சொல்வதைப் புரிந்துகொண்டு மாற்றிக்கொள்கிறீர்களா என்றும் பார்க்கிறார்கள். முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். 'நான் செலக்ட்டா சார்?' என்று அங்கேயே கேட்க வேண்டாம்.

தேர்வானால் கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள்: சம்பளம் எவ்வளவு, எப்போது வரும்? படம் எங்கெல்லாம் வரும், போஸ்டரிலா, டி.வி.யிலா, இணையத்திலா? எத்தனை மாதங்களுக்கு? என் முகத்தை ஏ.ஐ. மூலம் வேறு விளம்பரத்துக்கு மாற்றிப் பயன்படுத்துவீர்களா? புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். ஒரு நாள் அவகாசம் கேட்டு, தெரிந்த வக்கீலிடம் காட்டுவதில் தவறே இல்லை.

படிப்பை விட்டுவிடாதீர்கள்

ஜெமினி ஸ்டுடியோ என்றால் கணேசன் கதை மட்டுமல்ல. அங்கே பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன் தன் நினைவுகளில் இன்னொருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். மேக்கப் அறையில் கூட்டக் காட்சி நடிகர்களுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த 'ஆபீஸ் பாய்'. பெயருக்குத்தான் 'பாய்', வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பெரிய நடிகராகவோ இயக்குநராகவோ ஆகும் கனவோடு பல ஆண்டுகளுக்கு முன் உள்ளே வந்தவர். கனவு கைகூடவில்லை; கசப்பு மட்டும் தங்கிவிட்டது.

ஒரே ஸ்டுடியோ. இரண்டு மனிதர்கள். இருவரில் யாராக ஆவோம் என்பது நம் கையில் மட்டும் இல்லை, அதிர்ஷ்டமும் இருக்கிறது. ஆனால், கையில் ஒரு பட்டமும் வேலையும் வைத்துக்கொண்டு வாய்ப்புக்காகக் காத்திருப்பது வேறு. எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காத்திருப்பது வேறு. கணேசனுக்குக் கடைசிவரை வாய்ப்பு வராமல் போயிருந்தாலும், அவரிடம் வேதியியல் இருந்தது.

ஆகவே அப்பாக்களே, 'கூடாது' என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிட்டால் பிள்ளை ஜன்னல் வழியாக அனுப்பும். வீட்டுக்குத் தெரியாமல் போட்டோ அனுப்பியவர்தான் மிரட்டல் வரும்போது யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பார். அதைவிட, அந்த இன்ஸ்டாகிராம் பதிவைச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். நிறுவனத்தின் எண்ணைத் தேடிக் கூப்பிடுங்கள். பணம் கேட்டால் பிளாக் செய்யுங்கள். உண்மையான அழைப்பு என்றால், ஜன்னல் ஓரம் மகளை நிற்க வைத்து அந்த நாலு போட்டோவை நீங்களே எடுத்துக்கொடுங்கள்.

பாட்டி அப்போதும் சிரிப்பார். 'கொஞ்சம் சிரிச்ச முகமா நில்லுடி!'